குருவுக்கு ஒரு ஹேண்டில்பார்

ஹேண்டில்பார் தேர்ந்தெடுப்பது புடவை எடுப்பது மாதிரி இல்லை, மேடம். புடவை எடுக்க வருகிறவர்கள் முதலில் கண்ணில் பட்ட நல்ல புடவையை ஒதுக்கிவிட்டு, கடை முழுக்கப் புரட்டிப் போட்டு, கடைசியில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாள் எடுத்த கலரையே எடுத்துக்கொண்டு போவார்கள். காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையில் நான் மாடி சூப்பர்வைசர். பாதி ஆயுளை இதைப் பார்த்தே கழித்திருக்கிறேன். தப்பான புடவையால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது, பீரோவில் கிடக்கும். ஹேண்டில்பார் அப்படியில்லை. ஓட்டுகிறவன் தன் உடம்பை அதன் கையில்தான் ஒப்படைக்கிறான்.

நீங்கள் ஃபைலில், ஹேண்டில் லூசாக இருந்ததால் விபத்து என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் பயிற்சியில் இதெல்லாம் சொல்லித்தர மாட்டார்கள். காலையில் நான் வந்து உட்கார்ந்ததும், "சார், வீட்டுக்குப் போங்க, நீங்க மனசு ஒடஞ்சி இருக்கீங்க" என்று சொல்லி டீ வரவழைத்துக் கொடுத்தீர்கள். டீ நன்றாகத்தான் இருந்தது. என் மனசு உடையவில்லை. போலீசிடம் சொன்னால் செல்லாது, மாஜிஸ்ட்ரேட்டிடம் சொல்ல வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். அங்கேயும் சொல்வேன். முதலில் உங்களுக்குப் புரிய வேண்டும், அதற்காகக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

உங்கள் வீட்டு சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினால் சக்கரம் தானாக ஓடும், கால் சும்மா இருக்கும். ஃபிக்ஸட் கியர் சைக்கிளில் அந்தச் சலுகை கிடையாது. சக்கரம் சுற்றுகிறவரை பெடல் சுற்றும், பெடல் சுற்றுகிறவரை கால் சுற்றியே ஆக வேண்டும். வேகத்தைக் கூட்டுவதும் காலால், குறைப்பதும் காலால். சட்டென்று நிறுத்த வேண்டுமானால் ஹேண்டிலை இரண்டு கையாலும் பிடித்து மேல்நோக்கி இழுத்துக்கொண்டு, காலைப் பூட்டி, பின்சக்கரத்தைத் தரையில் தேய்க்க வேண்டும். அந்த நேரத்தில் ஆள் சீட்டில் இல்லை. ஹேண்டிலில் தொங்குகிறான். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

என் பெயர் மாணிக்கவாசகம். வயது நாற்பத்து நான்கு. சென்னையில் கல்லூரியில் படித்த காலத்தில் டிராக் சைக்கிள் ஓட்டினேன். கிண்ணம் போல வளைந்த சிமெண்டுத் தரையில், பிரேக் இல்லாத சைக்கிளில் சுற்றிச் சுற்றி வருகிற பந்தயம் அது. மாநிலப் போட்டியில் நான்காவதாக வந்தேன். முதல் மூன்று பேர் எப்படி வந்தார்கள் என்பதை இங்கே பேச வேண்டியதில்லை. பிறகு வேலை, கல்யாணம். சைக்கிளை மட்டும் விடவில்லை. காஞ்சிபுரத்தில் ஃபிக்ஸட் கியர் ஓட்டுகிறவன் பல வருடமாக நான் ஒருவன்தான். செவிலிமேட்டில் டவுன் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் என் சைக்கிளைப் பார்த்துவிட்டு, "பிரேக்க எவனோ கழட்டிக்கினு பூட்டானா சார்?" என்று அக்கறையாக விசாரிப்பார்கள். நான் பதில் சொல்வதில்லை. இந்த ஊரில் ஜரிகைக்கு உரை போட்டுப் பார்க்கத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வேறு எதையும் உரைத்துப் பார்க்கத் தெரிந்தவன் ஒருவனும் இல்லை.

குரு என் மனைவி மஹாலட்சுமியின் தம்பி. அப்பா அம்மா போன பிறகு அவள்தான் அவனை வளர்த்தாள். எங்கள் வீட்டு மாடி அறையில் இருந்தான். ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை, தெருமுனையில் கம்பெனி பஸ் வரும். அந்த பஸ்ஸின் டிரைவரிலிருந்து எதிர்வீட்டு நாய் வரைக்கும் எல்லோருக்கும் அவனைப் பிடிக்கும். அவனுக்கும் எல்லாவற்றையும் பிடிக்கும். கேன்டீன் சாம்பார் சூப்பர். பார்த்த படம் சூப்பர். நான் கடையில் விற்காமல் திருப்பி அனுப்பிய புடவையின் போட்டோவைக் காட்டினால் அதுவும் சூப்பர். எல்லாவற்றையும் பிடிக்கிறவனுக்கு எதைப் பற்றியும் ஒன்றும் தெரியாது என்பது என் அனுபவம்.

போன வருடம் ஒரு பெரிய அட்டைப்பெட்டி வந்தது. அதை நடுக்கூடத்தில் வைத்துப் பிரித்தான்.

"மாமா, நீங்க ஓட்ற டைப்பு. உங்க கூடவே வரலாம்னு வாங்கிட்டேன்."

உள்ளே ஒரு ஃபிக்ஸட் கியர் சைக்கிள். ஹேண்டில் ரைசர்.

இங்கே நான்கு வகை சொன்னால் போதும். நேர்க்கம்பி மாதிரி இருப்பது ஃப்ளாட். ரீல்ஸ் பார்க்கிற பையன்கள் அதைப் பாதியாக அறுத்துக்கொண்டு லாரிகளுக்கு நடுவே நுழைவார்கள். ஆட்டுக்கடாக் கொம்பு மாதிரி கீழே சுருண்டிருப்பது டிராப். டிராக்குக்கு உரியது அதுதான், நான் ஓட்டுவதும் அதுதான். அதைப் பிடிக்க முதுகு வளைய வேண்டும், வளைகிற முதுகு பலருக்கு இல்லை. காளைக்கொம்பு மாதிரி முன்னால் நீண்டு நுனியில் மேலே திரும்பியிருப்பது புல்ஹார்ன். கடைசியாக ரைசர். நடுவில் தாழ்ந்து இரண்டு பக்கமும் உயர்ந்து, அதுவே நம் கையைத் தேடி வரும். நிமிர்ந்து உட்கார்ந்து தெருவை வேடிக்கை பார்த்தபடி போகலாம். தேர்ந்தெடுக்கத் தெரியாத எல்லோரும் கடைசியில் ரைசரில்தான் போய்ச் சேருவார்கள். குரு அதில் ஆரஞ்சு கலர் கைப்பிடி மாட்டினான். மணி மாட்டினான். வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டினான். மஹாலட்சுமி திருஷ்டி கழித்தாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு வர ஆரம்பித்தான். வேண்டாம் என்று சொல்லக் காரணம் இல்லை. பெரிய காஞ்சிபுரம் வழியாக, கோயிலுக்கு வரும் பஸ்களும் ஆட்டோக்களும் மொய்ப்பதற்கு முன் ஊரைத் தாண்டி, வாலாஜாபாத் ரோட்டில் ஏறி, தென்னேரி வரைக்கும் போவோம். தென்னேரியில் பெரிய ஏரி. கரையடியில் ஒரு டீக்கடை. அவன் வழியெல்லாம் மணி அடித்துக்கொண்டு, எதிரே வருகிற பால்காரருக்கெல்லாம் கையாட்டிக்கொண்டு வருவான். எனக்குப் பின்னால் அந்த மணிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஒரு ஞாயிறு, வாலாஜாபாத் தாண்டியதும், "மாமா, ஏரி மதகு வரைக்கும் ரேஸ் வுடலாமா?" என்று கேட்டான். சரி என்றேன். ஆரஞ்சுக் கைப்பிடிக்கு ஒரு பாடம் ஆகட்டும் என்று நினைத்தேன்.

நான் டிராப்பைப் பிடித்துக் குனிந்து ஓட்டினேன். நன்றாக ஓட்டினேன், அதில் சந்தேகமில்லை. மதகு கண்ணில் பட்ட பிறகு பக்கத்தில் ஒரு நிழல் வந்தது. குரு. பால் வாங்கப் போகிறவன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். மூச்சு வாங்கவில்லை. எனக்கு இணையாக வந்தவன், தலையைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தான். வியர்வை என் கண்ணில் இறங்கியிருந்தது, வாய் திறந்திருந்தது என்று நினைக்கிறேன். பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தான்.

மற்ற சைக்கிளாக இருந்தால் களைத்துப்போய் மிதிப்பதை நிறுத்தினான் என்று வைத்துக்கொள்ளலாம். இதில் சும்மா விடுவது என்பது கிடையாது என்று சொன்னேன் அல்லவா. குறைக்க வேண்டுமானால் சுற்றுகிற பெடலுக்கு எதிராகக் காலை அழுத்திக் குறைக்க வேண்டும். முடிவெடுத்துச் செய்கிற காரியம் அது. அவன் தொடை இறுகுவதை நான் பார்த்தேன். மதகுக்கு நான் முதலில் போய்ச் சேர்ந்தேன்.

டீக்கடையில் உட்கார்ந்திருந்த எல்லோரிடமும் சொன்னான். "எங்க மாமா காலேஜ்ல ஸ்டேட் லெவல்பா. புடிக்கவே முடியல." ஒரு கிழவர் எனக்குக் கைகொடுத்தார். அவர் கொடுத்த கையை வாங்கிக்கொண்டேன்.

வீட்டிலும் அதையே சொன்னான். மஹாலட்சுமி தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். அவன் குளிக்கப் போனதும் என்னிடம் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"விட்டுக்குடுத்துட்டானா உங்களுக்கு?"

"யாரு?"

"அவன்தான். சின்னதுலேந்தே அப்டித்தாங்க. கேரம் ஆடுனாகூட எதிர்ல இருக்கிறவங்க மூஞ்சிய பாப்பான். பாத்துட்டு ஈசியான காய வுட்டுருவான். கேட்டா, மிஸ் ஆய்ட்ச்சிக்கான்னுவான்."

தோசையைத் திருப்பிப் போட்டாள். அவள் குத்திக்காட்டவில்லை. தம்பியைப் பற்றிப் பெருமையாகத்தான் சொன்னாள். அன்று நான் இரண்டாவது தோசையையும் சாப்பிட்டேன், சட்னி இன்னும் கொஞ்சம் கேட்டேன். எனக்குக் கோபம் வரவில்லை. இதைத் தெளிவாகக் குறித்துக்கொள்ளுங்கள். கோபத்தில் செய்கிற காரியமெல்லாம் அரைகுறையாக இருக்கும். நான் அவனுடைய ஹேண்டில்பாரைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தேன், அவ்வளவுதான்.

அடுத்தடுத்த வாரங்களில் அவனோடு நிறையப் பேசினேன். அவனுக்கு ஒரே சந்தோஷம். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் அவனோடு அவ்வளவு பேசியதில்லை.

"குரு, இந்த ஹேண்டில வெச்சிக்கினு நீ ஓட்டல. அது மேல உக்காந்துக்கினு போற."

"நல்லாத்தானே இருக்குது மாமா? கை வலிக்கறதில்ல."

"கை வலிக்கக் கூடாதுன்னா சோபாவுல உக்காரு."

அவன் சிரித்தான். எதைச் சொன்னாலும் சிரிப்பான். அவன் தோளின் அகலத்தை டேப் வைத்து அளந்தேன். உள்ளங்கையைப் பார்த்தேன். ஃப்ளாட் வேண்டாம், அது விடலைப் பையன்களுக்கு. டிராப் இப்போதைக்கு வேண்டாம், முதுகு பழகவில்லை. புல்ஹார்ன்தான் உனக்குச் சரி, நிற்கும்போது இழுக்க நல்ல பிடி கிடைக்கும் என்றேன். இதில் ஒரு பொய்கூட இல்லை. எவரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், நான் சொன்னது நல்ல ஆலோசனை.

ஒரே ஒரு விஷயம். அவன் சைக்கிளில் முன்சக்கரத்துக்கு ஒரு பிரேக் இருந்தது. ரைசரில் மாட்டுகிற பிரேக் பிடி புல்ஹார்ன் குழாயில் ஏறாது. குழாயின் தடிமன் வேறு. அதற்குத் தனிப் பிடி வாங்க வேண்டும்.

"அப்ப பிரேக்கு, மாமா?"

"என்னுதுல இருக்குதா?"

கொஞ்ச நேரம் என் சைக்கிளைப் பார்த்தான். "இல்ல."

"உனக்கு வேணும்னா வாங்கிக்கலாம். உன் இஷ்டம்."

அவன் வாங்கவில்லை. நான் கழற்றச் சொல்லவில்லை என்பதை கவனியுங்கள். என்னை மாதிரி இருக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. எனக்கு அது அருவருப்பாக இருந்தது.

ஹேண்டில் நானே கொடுத்தேன். கல்லூரி நாட்களில் நான் ஓட்டிய புல்ஹார்ன், பரணில் கிடந்தது. எடுத்துத் துடைத்து அவன் கையில் கொடுத்தபோது அவன் கண் கலங்கிவிட்டது. "உங்களுதா? வேணாம் மாமா, நீங்களே வெச்சிக்கோங்க" என்றான். பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டு போட்டோ எடுத்து, மாமாவின் பரிசு என்று எல்லோருக்கும் அனுப்பினான். மஹாலட்சுமி அன்று எனக்காகப் பாயசம் வைத்தாள்.

பழைய ஹேண்டில்களின் நடுப்பகுதி இன்றைய சைக்கிள்களின் பிடிக்கு ஒரு மயிரிழை ஒல்லி. ஸ்டெம் என்கிற அந்தப் பிடிதான் ஹேண்டிலை சைக்கிளோடு இறுக்கிப் பிடித்திருக்கிறது. அந்த இடைவெளிக்கு கூல்டிரிங்க்ஸ் டின்னிலிருந்து ஒரு தகடு வெட்டிச் சுற்றி, போல்ட்டுகளை முறுக்கினால் கல் மாதிரி நிற்கும். தகடு இல்லாமல் முறுக்கினாலும் நிற்கிற மாதிரிதான் இருக்கும். கையால் அசைத்துப் பார்த்தால் அசையாது. முழு உடம்பும் அதில் தொங்குகிற வரைக்கும் அசையாது.

நான் தகடு வைத்துத்தான் மாட்டினேன். ஒரு மாதத்துக்கு மேல் அப்படியே ஓட்டினான். செவிலிமேட்டுக்குப் பின்னால் புது மனைகளுக்குப் போட்ட ரோடுகள் காலியாகக் கிடக்கும். அங்கே அவனுக்கு நிறுத்தப் பழக்கினேன். காலைப் பெடலோடு பட்டையால் கட்டிக்கொண்டு, வேகமாக வந்து, ஹேண்டிலை இழுத்து, பின்சக்கரத்தைத் தேய்த்து நிற்க வேண்டும். முதலில் பயந்தான். அரைகுறையாக இழுத்தான்.

"யோசிக்காத. முழுசா இழு. அது உன்ன தாங்கும்."

"தாங்குமா மாமா?"

"நான் மாட்டுனது."

அதற்குப் பிறகு அவன் யோசிக்கவில்லை. இரண்டு கையாலும், உடம்பு முழுவதையும் கொடுத்து இழுத்தான். நல்ல பிடிப்பு வந்துவிட்டது. அவனைப் பற்றி நான் ஒரே ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டுமானால் அது இதுதான். நம்பச் சொன்னால் முழுதாக நம்புவான். அறிவு உள்ளவன் எவனும் அப்படி நம்ப மாட்டான்.

சனிக்கிழமை மத்தியானம் அவனும் அவன் அக்காவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கம்பெனியில் யாரோ வழுக்கி விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான், அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் வாசலில் அவன் சைக்கிளைத் துடைத்தேன். தகட்டை உருவிவிட்டு போல்ட்டுகளைத் திரும்ப முறுக்கினேன். உள்ளிருந்து, "மாமா, நீங்க ஏன் தொடைக்கறீங்க, நான் பாத்துக்க மாட்டேனா" என்று குரல் கொடுத்தான். பரவாயில்லை, சாப்பிடு என்றேன்.

ஞாயிறு காலை கிளம்பினோம். வழியெல்லாம் அவனைப் பத்திரமாக அழைத்துப்போனேன். கிராசிங் வருவதற்கு வெகு முன்னாலேயே கையைத் தூக்கிக் காட்டி வேகத்தைக் குறைக்க வைத்தேன். வாலாஜாபாத்தில் ஒரு மாடு குறுக்கே வந்தபோது நான் முன்னால் போய் அதை ஒதுக்கினேன். அவசரமாக எதற்கும் இழுக்கிற தேவை அவனுக்கு வரவில்லை.

தென்னேரியில் ஏரிக்கரைமேல் சிமெண்டுப் பாதை போகிறது. நீளமான நேர்ப்பாதை. அதன் முடிவில் சரிந்து ரோட்டுக்கு இறங்கும். இறங்குகிற இடத்தில் சட்டென்று திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் நேரே சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் கருங்கல் பாவிய வாய்க்கால். அப்போது அதில் தண்ணீர் இல்லை. அதையும் முந்தின வாரம் பார்த்து வைத்திருந்தேன்.

கரைமேல் ஏறியதும் அவனிடம் சொன்னேன். "குரு, இன்னிக்கு நெஜமா ஓட்டு."

அவன் என்னைப் பார்த்தான். ஏதோ சொல்ல வந்தான். பிறகு, "சரி மாமா" என்றான்.

ஓட்டினான். நான் முழு வேகத்தில் போகவில்லை, நடக்கப்போவது தெரிந்தவனுக்கு அதற்கு அவசியம் இல்லை. எப்படியும் அவன் எனக்கு வெகு தூரம் முன்னால் போய்விட்டான். அவ்வளவு தூரம் போவான் என்று எதிர்பார்க்கவில்லை. சரிவின் தலைப்பில் அவன் எழுந்து, முன்னால் சாய்ந்து, நான் பழக்கியபடியே இழுத்தான். ஹேண்டில் அவன் நெஞ்சை நோக்கி மடங்கி வந்தது. கை வழுக்க, கால் பெடலோடு சுற்ற, அவன் கத்தவில்லை. சைக்கிள் சுவரில் மோத, பட்டையிலிருந்து கால் பிய்த்துக்கொண்டு, சுவரைத் தாண்டி விழுந்தான்.

நான் இறங்கிப் போனேன். சைக்கிள் சுவரின் இந்தப் பக்கமே, சுவர் முடிந்து வாய்க்கால் தெரிகிற இடத்தில் கிடந்தது. அவன் வாய்க்காலில் மல்லாந்து கிடந்தான். கண் திறந்திருந்தது. நான் முதலில் சைக்கிளிடம் போனேன். பாக்கெட்டிலிருந்து போல்ட் முறுக்கும் சாவியை எடுத்து ஸ்டெம்மின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினேன். தகடு இல்லையே என்று யாரும் தேடக் கூடாது, போல்ட் லூசு என்று ஒரு பார்வையிலேயே தெரிய வேண்டும். இவன் எப்போதும் ஹேண்டிலை ஏற்றி இறக்கிக்கொண்டே இருப்பான், முறுக்க மறந்திருப்பான் என்று உங்களிடம் சொல்வதாக இருந்தேன். வேலை முடிந்து தலையைத் தூக்கியபோது அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரமாகப் பார்த்தான் என்று தெரியவில்லை. ஆரம்பத்திலிருந்தே என்றுதான் நினைக்கிறேன்.

பிறகு கீழே இறங்கி அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். புல் அறுக்க வந்த பெண்கள் ஓடி வந்துகொண்டிருந்தார்கள்.

"மாமா, காலு எங்க இருக்குதுன்னே தெரில" என்றான். பிறகு, "அக்காகிட்ட சொல்லாதீங்க" என்றான்.

அடிபட்டதைச் சொல்லாதே என்கிறான், பினாத்துகிறான் என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். சென்னை ஆஸ்பத்திரி. ஆபரேஷன். இடுப்புக்குக் கீழே இனிமேல் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நீங்கள் வாக்குமூலம் வாங்க வந்தீர்கள். வெளியே வந்து, மஹாலட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டு எங்கள் இருவரிடமும் சொன்னீர்கள். முந்தின நாள் சாயங்காலம் அவனே போல்ட்டுகளைத் தளர்த்தி ஆங்கிள் மாற்றினானாம். முறுக்க மறந்துவிட்டானாம். மாமா கல்லு மாதிரி மாட்டிக் கொடுத்ததை நான்தான் கெடுத்தேன், மாமா மேல் யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்றானாம். மஹாலட்சுமி என் தோளில் சாய்ந்து அழுதாள். "அவருக்கு உங்க மேல எவ்ளோ பாசம் சார்" என்றீர்கள் நீங்கள்.

நான் சொல்வதற்கு வைத்திருந்த பொய், மேடம். அதையும் அவன் முந்திக்கொண்டு சொல்லிவிட்டான்.

நேற்று மஹாலட்சுமி மருந்து வாங்கக் கீழே போனாள். அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். அவன் மெலிந்திருந்தான். பக்கத்து அறைக்காரர் கொடுத்தார் என்று ஒரு ஆரஞ்சுப் பழத்தை எனக்கு உரித்துக் கொடுக்கப் பார்த்தான். நான் கதவைப் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"போல்ட்ட நீ லூஸ் பண்ணியா?"

பழத்தைக் கீழே வைத்தான். பிறகு தலையைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தான். மதகுக்குப் பக்கத்தில் பார்த்தானே, அதே மாதிரி.

"அக்காவுக்கு வேற யாரு மாமா இருக்காங்க? நானும் இனிமே இப்டித்தான். நீங்களும் உள்ள பூட்டா அது இன்னா பண்ணும்?"

நான் மறுபடி கதவைப் பார்த்தேன்.

"பரவால்ல. வுடுங்க மாமா" என்றான்.

அவனுக்கு என்மேல் கோபம்கூட இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் அதை மதித்திருப்பேன். ஏன் என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். ஹேண்டிலை எப்படிச் செய்தேன் என்று கேட்டிருக்கலாம். அதில் எவ்வளவு கணக்கு இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவே தெரியாது. என் முகத்தில் எதையோ பார்த்தான், காயை விட்டுவிட்டான். படுத்த படுக்கையாக, கால் இரண்டும் செத்துக் கிடக்கும்போதும், எனக்கு ஒன்றைத் தூக்கிக் கொடுக்கிற இடத்தில் தான் இருப்பதாக நினைக்கிறான். ஆயுள் முழுக்க அவன் கொடுத்ததை வைத்து நான் வாழ வேண்டும். அவன் சக்கர நாற்காலியை நான் தள்ள வேண்டும், அவன் திரும்பிப் பார்த்துச் சிரிக்க வேண்டும். தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வருவான். எங்க மாமா ஸ்டேட் லெவல்பா.

காலையில் முதல் பஸ் பிடித்து இங்கே வந்தேன்.

மனசாட்சி உறுத்தி வந்தேன் என்று நீங்கள் எழுதினால் எனக்கு ஆட்சேபம் இல்லை. உண்மை வெளியே வர வேண்டும், அதற்காகத்தான் வந்தேன். உருவிய தகடு புடவைக் கடையில் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது, ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். ஹேண்டிலின் நடுப்பகுதியை அளந்து பார்க்கச் சொல்லுங்கள், ஸ்டெம்மையும் அளக்கச் சொல்லுங்கள். மயிரிழை வித்தியாசம் தெரியும். கையால் பார்த்தால் தெரியாது, சரியான கருவி வேண்டும். இதை லூஸ் போல்ட் என்று ஒருவன் எழுதிவிட்டுப் போவதை என்னால் ஏற்க முடியாது.

மஹாலட்சுமி என்ன ஆவாள் என்று இப்போது கேட்கிறீர்கள். எல்லோரும் அதையேதான் கேட்கிறீர்கள். அவளுக்குத் தெரிய வேண்டும். அவளுடைய தம்பி பொய் சொன்னான், நான் சொல்லவில்லை. அதை அவள் தெரிந்துகொள்ளட்டும்.

ஒரே ஒரு கோரிக்கை. இதை எழுதி முடித்ததும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போய் அவன் கட்டில் பக்கத்தில் உரக்கப் படியுங்கள். நானும் நிற்க வேண்டும். இந்தத் தடவை நான் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். எனக்குத் தப்பிக்க வழி இருந்தது, மேடம். கதவைத் திறந்து வைத்துவிட்டு எல்லோரும் ஒதுங்கி நின்றீர்கள். நான் போகவில்லை. விட்டுக்கொடுத்தது யார் என்பது எழுத்தில் இருக்கட்டும்.